பழைய ஹார்டு டிஸ்க்: மாற்றுவதா, மேம்படுத்துவதா, இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுவதா?

ஏழெட்டு ஆண்டுகள் உழைத்த ஒரு கணினி, பொத்தானை அழுத்தியபின் வேலைக்குத் தயாராக நான்கைந்து நிமிடங்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்கும்போது, அதை வைத்திருப்பவர் மனத்தில் மூன்று யோசனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதே வகையில் புதியது ஒன்றைப் போடலாமா, சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளிலேயே தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் போட்டு வேகத்தைக் கூட்டலாமா, அல்லது கணினியையே மாற்றிவிடலாமா என்பவை அந்த மூன்று. நான்காவதாக ஒன்றும் உண்டு. ‘ஓடுகிறவரை ஓடட்டும்’ என்று விட்டுவிடுவது. பெரும்பாலோர் நடைமுறையில் தேர்ந்தெடுப்பது இதைத்தான், அதுவும் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பதையே உணராமல்.

இந்த நான்கையும் ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். உங்கள் டிஸ்க் வெறுமனே மெதுவாக இருக்கிறதா, அல்லது கெட்டுக்கொண்டிருக்கிறதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்: கோப்புறை திறக்கத் தாமதமாகும், நிரல் உறைந்து நிற்கும், சுட்டி மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் இரண்டுக்கும் செய்ய வேண்டியவை வேறு வேறு. மெதுவான டிஸ்க் வைத்திருப்பவர் நிதானமாக விசாரித்து, பிடித்ததை வாங்கி, ஒரு விடுமுறை நாளில் மாற்றிக்கொள்ளலாம். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க் வைத்திருப்பவருக்கு எதை வாங்குவது என்பது இரண்டாம் கேள்வி. இன்றைக்குள் எதையெல்லாம் வெளியே எடுப்பது என்பதே முதல் கேள்வி.

டிஸ்க்கின் உடல்நிலையை அறிதல்

ஒவ்வொரு ஹார்டு டிஸ்க்கும் தன்னைப் பற்றிய ஒரு குறிப்பேட்டைத் தானே எழுதிவருகிறது. ஸ்மார்ட் என்று அழைக்கப்படும் அந்தப் பதிவை விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச நிரலாலும், லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பாலும் படிக்கலாம். அதில் வரும் பல வரிகளில் சாதாரணப் பயனர் கவனிக்க வேண்டியவை நான்குதான். 05 என்ற எண்ணுள்ள வரி, கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு துண்டுகள்) எண்ணிக்கையைச் சொல்கிறது. சி5, படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. சி6, சோதித்துப் பார்த்தும் மீட்க முடியாதவை. இந்த மூன்றிலும் கடைசி நெடுவரிசையில் இருக்கும் மூல மதிப்பு பூஜ்யமாக இருப்பதே நலம். பூஜ்யமில்லாமல் ஒரே இடத்தில் நிலைத்திருந்தால் எச்சரிக்கை; வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க்கின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இந்த மூல மதிப்புகளை வழக்கமாகப் பதினாறடிமான எண்ணில் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அங்கே ‘10’ என்றிருந்தால் அது பதினாறு.

நான்காவது வரியான சி7 தனி ரகம். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு செல்லும்போது நேர்ந்த பிழைகளை அது எண்ணுகிறது. மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்து இது மட்டும் ஏறிக்கொண்டே போனால், பழுது பெரும்பாலும் கேபிளில் இருக்கும். டிஸ்க் மாற்றத் துணிந்தவர்களில் சிலருக்கு டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுவதோடு பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதால், மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் இந்த வரியைப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. ஏறிய எண் இறங்காது. கேபிளை மாற்றியபின் அது மேலும் ஏறாமல் நின்றுவிட்டதா என்று பார்த்தால் போதும்.

இந்த எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்? கூகுள் நிறுவனப் பொறியாளர்கள் 2007-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து எழுதப்பட்ட அந்த அறிக்கையின்படி, மேற்பரப்பைத் துழாவும்போது முதல் பிழையைக் காட்டிய டிஸ்க், பிழையே காட்டாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாட்களில் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். அதே அறிக்கையில் இதைவிட முக்கியமான இன்னொரு செய்தியும் இருக்கிறது: செயலிழந்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, வலுவான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின. ஆக, சிவப்பு விளக்கு எரிந்தால் நம்ப வேண்டும். பச்சை விளக்கு எரிகிறது என்பதற்காக நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது.

இந்தப் பாடத்தை நான் இழப்பின் வழியாகவே கற்றேன். என் பழைய மடிக்கணினியில் ஒரு மாலை படக் கோப்புறை ஒன்றைத் திறந்தபோது, முதல் இரண்டு வரிசைப் படங்கள் தெரிந்து, மூன்றாவது வரிசையில் வெற்றுக் கட்டங்கள் மட்டும் நின்றன. காதை அடித்தட்டின் அருகே கொண்டுபோனபோது, மெல்லிய ஒரு ‘டிக்’, பிறகு சுழற்சி தணிந்து மீண்டும் எழும் ஓசை, மீண்டும் ‘டிக்’. சி5 வரியில் எட்டு என்றிருந்தது. அப்போதே அந்தப் படங்களை வெளியே நகலெடுத்திருக்க வேண்டும். நானோ டிஸ்க்கைச் சரிசெய்துவிட்டு அப்புறம் நகலெடுக்கலாம் என்று நினைத்து, விண்டோஸின் செக்டிஸ்க் பழுதுபார்ப்பை முழுச் சோதனையாக ஓடவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் கணினி அந்த டிஸ்க்கை அடையாளம் காணவே இல்லை. இரண்டு ஆண்டுப் படங்களும் என் தந்தையின் குரல்பதிவு ஒன்றும் அதோடு போயின.

அந்தப் பழுதுபார்ப்பு நிரல் செய்தது என்ன என்பதைப் புரிந்துகொண்டால் தவறும் புரியும். அது டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் படிக்கிறது. படிக்க முடியாத இடத்தில் மீண்டும் மீண்டும் முயல்கிறது. சுழலும் தட்டிலிருந்து தரவை எடுக்கும், தளர்ந்துபோன படிப்புமுனைக்கு இதைவிடக் கடுமையான வேலை வேறில்லை. அது நோக்கமாகக் கொண்டதும் கோப்பு அமைப்பின் ஒழுங்கையே தவிர, உங்கள் படங்களின் பாதுகாப்பை அல்ல. இதற்கு நேர் எதிரான அணுகுமுறை கொண்டது குனு டிடிரெஸ்க்யூ என்ற கருவி. அது நல்ல பகுதிகளை முதலில் வேகமாக அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்துவிட்டுத் தாண்டிப் போகிறது. மீதி எல்லாம் கைக்கு வந்த பிறகே அந்த இடங்களுக்குத் திரும்பி வருகிறது. சி5 ஏறிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் முக்கியமான கோப்புறைகளை முதலில் கையால் நகலெடுங்கள். பிறகு இந்த வகைக் கருவியால் முழு நகல் எடுங்கள். பழுதுபார்ப்பைத் தொடவே தொடாதீர்கள். டிஸ்க்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது போன்ற யோசனைகளைப் பலர் நல்லெண்ணத்தோடு சொல்வார்கள். படிப்புமுனை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தூசித்துகளோ, உறைந்து படிந்த நீர்த்துளியோ மிச்சமிருக்கும் வாய்ப்பையும் அழித்துவிடும். ‘டிக்’ ஓசை தொடர்ந்து வந்து, உள்ளே ஈடுசெய்ய முடியாதது இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தரவு மீட்பைத் தொழிலாகச் செய்பவரிடம் கொடுப்பதே வழி.

மெதுவாக இருப்பது ஏன்

டிஸ்க் நலமாக இருக்கிறது, வேகம்தான் இல்லை என்று உறுதியானவர்களுக்கே இனிவரும் ஒப்பீடு முழுமையாகப் பொருந்தும். அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, அவர்களுடைய டிஸ்க் பெரும்பாலும் முதுமையால் மெதுவாகவில்லை என்பதுதான். அது வாங்கிய நாளில் இருந்த வேகத்திலேயே ஏறக்குறைய இருக்கிறது. மாறியது மேலே ஓடும் மென்பொருள்.

மடிக்கணினிகளில் வழக்கமாக இருந்த 5400 சுற்று டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 5400 என்றால் நொடிக்கு 90 சுற்று; ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. வேண்டிய தரவு படிப்புமுனையின் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிநொடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் படிப்புமுனை சரியான வட்டத்துக்கு நகர்வதற்குப் பத்துப் பன்னிரண்டு மில்லிநொடி. இரண்டையும் கூட்டினால், சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை நொடிக்கு ஏறத்தாழ 60 முறைதான் எடுத்துவர முடியும். ஒவ்வொரு துண்டும் 4 கேபி என்றால் நொடிக்கு 240 கேபி. அதே டிஸ்க், ஒரு பெரிய திரைப்படக் கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 100 எம்பி கொடுக்கும். வேறுபாடு நானூறு மடங்கு.

இயங்குதளம் தொடங்கும்போது நடப்பது இரண்டாம் வகை வேலை அல்ல, முதல் வகை. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள், பின்னணியில் வைரஸ் தடுப்பு, தேடல் அட்டவணை, இற்றைப்படுத்தல் என்று எல்லாம் ஒரே நேரத்தில் அந்த ஒற்றைப் படிப்புமுனையை இழுக்கின்றன. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 விழுக்காடு என்று சிவந்து நிற்கும். வேகமோ நொடிக்கு 1 எம்பி என்று இருக்கும். முழு மூச்சாக உழைத்தும் ஒன்றும் நகராத நிலை அது. 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் வணிக டிஸ்க், 50 தட்டுகளில் ஐம்பது லட்சம் எழுத்துகளைத் தாங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை கொள்ளளவு கற்பனைக்கெட்டாத மடங்கு வளர்ந்துவிட்டது. ஆனால் தட்டு சுழன்று வரும்வரை முனை காத்திருக்க வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை.

எஸ்எஸ்டியில் சுழல்வதற்கு எதுவும் இல்லை. எந்தத் துண்டையும் ஏறத்தாழ 0.1 மில்லிநொடியில் எடுத்துவிடும். பழைய கணினிக்கு எஸ்எஸ்டி போட்டவர்கள் ‘புதிய கணினி வாங்கியது போலிருக்கிறது’ என்று வியப்பதற்கு இந்த ஓர் எண்ணே காரணம். விளம்பரத்தில் பெரிதாக அச்சடிக்கப்படும் நொடிக்கு இத்தனை எம்பி என்ற எண் அல்ல.

மீண்டும் ஒரு ஹார்டு டிஸ்க்?

அதே வகைப் புதிய ஹார்டு டிஸ்க் போடுவது, இயங்குதளம் இருக்கும் ஒரே டிஸ்க்காக என்றால், இன்று நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பழுது நீங்கும், வேகம் அப்படியே இருக்கும்; உழைப்பு முழுவதையும் செலவழித்துப் பழைய இடத்திலேயே நிற்பதற்குச் சமம். ஹார்டு டிஸ்க்கோடு சிறிதளவு ஃபிளாஷ் நினைவகத்தைச் சேர்த்து விற்கப்பட்ட கலப்பு டிஸ்க்குகளின் காலமும் முடிந்துவிட்டது.

ஆனால் இடம் என்று வரும்போது ஹார்டு டிஸ்க்குக்கு இன்றும் ஈடில்லை. காணொளி எடுப்பவர்கள், பல ஆண்டுப் படங்களைச் சேர்த்து வைப்பவர்கள், பேக்கப்புக்கென்றே ஒரு டிஸ்க் வேண்டுபவர்கள் ஆகியோருக்கு, ஒரே செலவில் கிடைக்கும் கொள்ளளவில் அது எஸ்எஸ்டியை இன்னும் வெகுவாக முந்துகிறது. அப்படி வாங்குபவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: டிஸ்க், தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியாமல் எழுதும் சிஎம்ஆர் வகையா, எஸ்எம்ஆர் வகையா? எஸ்எம்ஆரில், கூரை ஓடுகளை அடுக்குவதுபோல ஒரு தடத்தின் விளிம்பின்மேல் அடுத்த தடம் எழுதப்படுகிறது. கொள்ளளவு கூடும், ஆனால் நடுவில் ஓடு ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அதன்மேல் படிந்த ஓடுகளையும் எடுத்து மறுபடி அடுக்க வேண்டும். அதனால் நீண்ட நேரம் எழுதும்போது வேகம் சட்டென்று சரிந்துவிடும். ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் பேக்கப்புக்கு இது பொறுத்துக்கொள்ளத்தக்கது; பல டிஸ்க்குகளை இணைத்து ரெய்டு அமைப்பவர்களுக்கு ஆகாது. 2020-இல், சில டிஸ்க்குகளில் இந்த முறை பயன்படுத்தப்பட்டிருப்பதைத் தயாரிப்பாளர்கள் வெளிப்படையாகக் குறிப்பிடாமல் விற்றது தெரியவந்து பெரிய சர்ச்சையானது. அதன்பிறகு விவரக் குறிப்புகளில் இது வெளிப்படையாக எழுதப்படுகிறது, தேடிப் படிப்பவர்களுக்கு.

சாட்டா எஸ்எஸ்டி

பழைய கணினிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொருத்தமான விடை இதுதான் என்பது என் கருத்து. ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மடிக்கணினியின் அடித்தட்டைக் கழற்றினால், ரப்பர் விளிம்புக்குள்ளோ மெல்லிய தகரச் சட்டத்துக்குள்ளோ உட்கார்ந்திருக்கும் இரண்டரை அங்குல டிஸ்க் தெரியும். சட்டத்தின் நான்கு திருகாணிகளைக் கழற்றி, பழையதைப் பக்கவாட்டில் இழுத்தெடுத்து, அதே சட்டத்தில் எஸ்எஸ்டியைப் பொருத்தித் தள்ளிவிடலாம். இணைப்புமுனை ஒன்றே. பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமனாகவும் எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டராகவும் இருந்தால் சிறிது ஆடும். பல எஸ்எஸ்டிகளோடு வரும் பிளாஸ்டிக் விளிம்பு அந்த இடைவெளிக்காகவே. மேசைக் கணினியில் மூன்றரை அங்குல இடத்தில் பொருத்த ஒரு தகடு தேவைப்படலாம். உள்ளே அசையும் உறுப்பு எதுவும் இல்லாததால், அது எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் எஸ்எஸ்டிக்குக் கவலையில்லை.

சாட்டாவின் மூன்றாம் பதிப்பு நொடிக்கு 6 கிகாபிட் செல்லும். நடைமுறையில் 550 எம்பி அளவு. பழைய மதர்போர்டுகளில் 3 கிகாபிட் மட்டுமே இருக்கலாம். அங்கே 280 எம்பியோடு நின்றுவிடும். ‘என் கணினியில் பாதி வேகம்தான் வருமாம்’ என்று இதைக் கேட்டுத் தயங்குபவர்கள் மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பார்க்க வேண்டும். காத்திருக்கும் நேரம் பதினேழு மில்லிநொடியிலிருந்து 0.1-க்கு இறங்குகிறது; அந்த ஆதாயம் 3 கிகாபிட்டிலும் முழுமையாகக் கிடைக்கும். கணினி தொடங்கியதும் முதலில் ஓடும் பயாஸ் நிரலின் அமைப்பில் டிஸ்க் இயங்கும் முறை ஏஎச்சிஐ என்று இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இயங்குதளத்தை நிறுவிய பிறகு இதை மாற்றினால் கணினி தொடங்க மறுக்கும். ஆகவே நிறுவும் முன்பே மாற்றிவிட வேண்டும்.

எஸ்எஸ்டியைப் பற்றிப் பலருக்கும் உள்ள அச்சம், எழுத எழுதத் தேய்ந்துவிடும் என்பது. தேய்வது உண்மை. எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 500 ஜிபி கொள்ளளவுள்ள, டிஎல்சி வகை எஸ்எஸ்டி ஒன்றுக்கு மொத்தம் 300 டிபி எழுதும்வரை உத்தரவாதம் தருவது பரவலான வழக்கம். நாளொன்றுக்கு 30 ஜிபி எழுதினால், இது சாதாரண வீட்டுப் பயன்பாட்டைவிட அதிகம், பத்தாயிரம் நாட்கள், அதாவது 27 ஆண்டுகள் ஆகும். தேய்மானத்துக்கு அஞ்சி ஹார்டு டிஸ்க்கிலேயே இருப்பதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

தரத்தில் வேறுபாடு உண்டு. ஒரு கலத்தில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சியைவிட, நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி மலிவானது, தேய்மானத் தாங்குதிறன் குறைந்தது. அதைவிட முக்கியமானது, எழுதுவதை முதலில் வேகமாக ஏற்கும் இடையகப் பகுதி நிரம்பிய பிறகு அதன் எழுதும் வேகம் ஹார்டு டிஸ்க்கின் வேகத்துக்கும் கீழே போகலாம் என்பது. ஒரே மூச்சில் 100 ஜிபி நகலெடுப்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்; கடிதம் எழுதி இணையம் பார்ப்பவர்கள் அதை உணரவே மாட்டார்கள். எஸ்எஸ்டிக்குள், எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை வைத்துக்கொள்ளும் டிராம் நினைவகம் இருப்பது இயங்குதள டிஸ்க்குக்கு நல்லது. எந்த விவரக் குறிப்பும் இல்லாமல், பெயர் தெரியாத அட்டையில் வரும் மிக மலிவான எஸ்எஸ்டிகளை வாங்குவதைவிட, நல்ல ஹார்டு டிஸ்க்கிலேயே இன்னும் சில மாதங்கள் ஓட்டுவது மேல்.

உண்மையில் அஞ்ச வேண்டியது தேய்மானத்துக்கு அல்ல, எஸ்எஸ்டி சாகும் விதத்துக்கு. ஹார்டு டிஸ்க் பல நேரங்களில் முனகிவிட்டுப் போகும். ‘டிக்’ என்று ஒலிக்கும், சி5-ஐ ஏற்றும், சில கோப்புகளையாவது கடைசிவரை கொடுக்கும். எஸ்எஸ்டியின் கட்டுப்பாட்டுச் சில்லு செயலிழந்தால், நேற்று இருந்த டிஸ்க் இன்று இல்லை என்பதோடு முடிந்துவிடும். தவறுதலாக அழித்த கோப்பை மீட்பதும் கடினம், ஏனெனில் டிரிம் என்ற கட்டளை, அழிக்கப்பட்ட இடத்தைப் பயன்படாதது என்று எஸ்எஸ்டிக்கு அறிவித்துவிடுகிறது. உள்ளே அது உண்மையிலேயே துடைக்கப்படுகிறது. வேகத்தை வாங்குகிறவர் எச்சரிக்கைகளை விற்றுவிடுகிறார். ஆகவே எஸ்எஸ்டி போடுவதாக முடிவு செய்தால், ஒழுங்கான பேக்கப் அதோடு சேர்ந்த செலவு என்று எண்ணிக்கொள்வதே நேர்மையான கணக்கு. இன்னொன்று: எஸ்எஸ்டியில் பேக்கப் எடுத்து ஆண்டுக்கணக்கில் மின்சாரம் கொடுக்காமல் அலமாரியில் வைப்பது நல்லதல்ல, கலங்களில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். அந்த வேலைக்கு ஹார்டு டிஸ்க்கே ஏற்றது.

என்விஎம்இ பற்றிச் சுருக்கமாக

எம்.2 துளையில் செருகப்படும் மெல்லிய அட்டை வடிவ என்விஎம்இ எஸ்எஸ்டிகள், சாட்டாவைவிட வேகமான இணைப்பில் இயங்குபவை, நொடிக்கு 3500 எம்பி, 7000 எம்பி என்று காட்டும். உங்கள் மதர்போர்டில் அதற்கு இடமும் ஆதரவும் இருந்தால் தயங்காமல் அதையே வாங்கலாம். ஆனால் பழைய கணினியில் இரண்டு இடறல்கள் உண்டு. எம்.2 என்பது துளையின் வடிவம் மட்டுமே. அந்தத் துளை சாட்டா அட்டையை மட்டும் ஏற்கலாம், என்விஎம்இயை ஏற்காமல் போகலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், மதர்போர்டு கையேட்டைப் படிக்காமல் வாங்கித் திருப்பிக் கொடுப்பவர்கள் பலர். இரண்டாவதாக, 2014-க்கு முந்தைய மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றில், அடாப்டர் வைத்துப் பொருத்தினாலும் அதிலிருந்து இயங்குதளத்தைத் தொடங்க முடியாது. அந்தத் தடைகளைத் தாண்டிவந்தாலும், அன்றாட வேலையில் சாட்டா எஸ்எஸ்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போது தெரிவதில் சிறு பங்குகூட இல்லை.

கணினியையே மாற்ற வேண்டிய நேரம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியையும் கேட்கிறது. இந்த வரம்புக்குள் வராத கணினியில் எஸ்எஸ்டி போட்டால் வேகம் வரும், வழக்கமான பாதுகாப்பு இற்றைப்படுத்தல் வராது. அப்படிப்பட்ட கணினியை வைத்திருப்பவர் லினக்ஸுக்கு மாறத் தயாராக இருந்தால் எஸ்எஸ்டி நல்ல முதலீடு. இரண்டு கோர் செயலியும் 8 ஜிபி ரேமும் உள்ள பழைய மடிக்கணினி லினக்ஸில் பல ஆண்டுகள் உழைக்கும். விண்டோஸில் மட்டுமே ஓடும் நிரலில்தான் அவருடைய தொழில் நடக்கிறது என்றால், கணினியை மாற்றுவதற்கான பணத்தைச் சேர்க்கத் தொடங்குவதே சரி.

ரேமையும் பார்த்தாக வேண்டும். 4 ஜிபி மட்டும் இருக்கும் கணினியில், நினைவகம் நிரம்பியதும் இயங்குதளம் டிஸ்க்கையே நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும். ஹார்டு டிஸ்க்கில் அது பெரும் வேதனை. எஸ்எஸ்டி அந்த வேதனையைக் குறைக்குமே தவிர நீக்காது. ரேமுக்குக் காலியிடம் இருந்தால் இரண்டையும் சேர்த்துச் செய்வதே முறை. ரேமும் சேமிப்பகமும் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்ட மாதிரிகளில் இந்தக் கட்டுரை பேசும் வழிகள் எதுவும் இல்லை. கீல் உடைந்து, மின்கலம் உப்பி, விசைப்பலகையில் பாதி எழுத்துகள் வேலை செய்யாத கணினிக்கும் டிஸ்க் மட்டும் மாற்றுவது வீண். ஆனால் சந்தேக நிலையில் இருப்பவர்களுக்கு ஓர் ஆறுதல்: சாட்டா எஸ்எஸ்டி வீணாகாது. அடுத்த ஆண்டு கணினியே போனாலும், அதை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டால் வேகமான கையடக்கச் சேமிப்பகம் கிடைத்துவிடும்.

நகலெடுப்பதா, புதிதாக நிறுவுவதா

நலமான டிஸ்க்கிலிருந்து மாறுபவர்கள் முழு நகல் எடுத்தால், எல்லா நிரல்களும் அமைப்புகளும் அப்படியே வந்துவிடும். ஒரு மாலை வேலை. குளோன்ஸில்லா போன்ற இலவசக் கருவிகள் போதும். கவனிக்க வேண்டியது அளவு. 500 ஜிபி டிஸ்க்கை 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு அப்படியே நகலெடுக்க முடியாது. பழைய டிஸ்க்கில் பாதிதான் நிரம்பியிருந்தாலும், பார்ட்டிஷன் எனப்படும் டிஸ்க் பகுதியின் அளவை முதலில் சுருக்கினால்தான் நடக்கும். இருபது ஜிபி வித்தியாசத்துக்காக நள்ளிரவில் அல்லாடாமல், பழையதைவிடச் சற்றேனும் பெரிய எஸ்எஸ்டி வாங்குவது நல்லது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் மறையாக்கம் இயங்கிக்கொண்டிருந்தால் மீட்புக் குறியீட்டை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மறையாக்கத்தை நிறுத்திவிட்டு நகலெடுக்க வேண்டும். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் போடுபவர்கள் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையிலிருந்து புதிய ஜிபிடி முறைக்கு மாறினால்தான் முழு இடமும் கிடைக்கும்.

செக்டர் பிழைகள் காட்டிய டிஸ்க்கிலிருந்து இயங்குதளத்தை நகலெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எந்தக் கோப்பு பாதி கெட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பழைய டிஸ்க்கின் நோய் புதியதில் விளக்க முடியாத கோளாறுகளாகத் தொடரும். அங்கே தரவை மட்டும் மீட்டுக்கொண்டு, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே சுத்தமான வழி. பல ஆண்டுகளாக நிரல்களைப் போட்டும் எடுத்தும் குழம்பிக் கிடக்கும் கணினிக்கும் இதுவே பொருந்தும்.

மாற்றி முடித்த பிறகு, நலமாக இருக்கும் பழைய ஹார்டு டிஸ்க்குக்கு இரண்டாம் வாழ்க்கை உண்டு. மேசைக் கணினியில் அதை இரண்டாம் டிஸ்க்காக அப்படியே விட்டுவிட்டு, பெரிய கோப்புகளை அதில் வைக்கலாம். டிவிடி இயக்கி உள்ள மடிக்கணினியில், அந்த இடத்தில் பொருந்தும் சட்டத்தில் போடலாம். இரண்டரை அங்குல டிஸ்க் யுஎஸ்பி மின்சாரத்திலேயே இயங்கும். மூன்றரை அங்குலத்துக்கு 12 வோல்ட் தனி அடாப்டர் உள்ள உறை வேண்டும். எப்படி வைத்தாலும், ஏழெட்டு ஆண்டு ஓடிய டிஸ்க் எதற்கும் ஒரே பிரதியாக இருக்கக் கூடாது; ஏற்கெனவே வேறிடத்தில் இருப்பதன் இரண்டாம் பிரதியாக இருக்கலாம்.

எஸ்எஸ்டிக்கு மாறிய அன்றே பழைய டிஸ்க்கை அழித்துவிட வேண்டாம். குறைந்தது ஒரு மாதம் அதை எதுவும் எழுதாமல் ஓர் உறையில் போட்டு, தேதி எழுதி, மேசை இழுப்பறையில் வையுங்கள். அந்த மாதத்துக்குள், மறந்துபோன ஏதோ ஒரு கோப்புறை, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், மின்னஞ்சல் நிரலின் உள்ளூர்ச் சேமிப்பு என்று ஏதாவது ஒன்று நினைவுக்கு வரும். அழிக்கும் நாளில், அதற்கு முன்பாக, புதிய டிஸ்க்கில் வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்த பதினைந்து இருபது படங்களையும் காணொளிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து முழு அளவில் பாருங்கள். சிறு உருவம் சரியாகத் தெரிகிறது என்பதை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் தனியே சேமிக்கப்பட்ட ஒரு சிறு பிரதி, அசல் கோப்பு பாதியில் அறுந்திருந்தாலும் அது அழகாகவே தெரியும். காணொளியைக் கடைசி நிமிடம்வரை நகர்த்திப் பாருங்கள், குரல்பதிவுகளை இறுதிவரை கேளுங்கள். அதன்பிறகு பழைய டிஸ்க்கை முழுமையாக ஒருமுறை பூஜ்யங்களால் மேலெழுதினால், அதை அச்சமின்றி வேறொருவருக்குக் கொடுக்கலாம்.